பிள்ளைக்குப் பிடித்த பிரபலம்: பெங்களூருத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிரபலங்கள் குழந்தைகளுக்கு நல்ல முன்மாதிரிகளா என்பது பள்ளிப் பட்டிமன்றங்களுக்குச் சலிக்காத தலைப்பு. ஓர் அணி ஆம் என்றும் மற்றோர் அணி இல்லை என்றும் பேசி முடித்ததும், நடுவர் இரு பக்கத்துக்கும் கைதட்டல் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். வீட்டில் பிள்ளையை வளர்ப்பவருக்கு அந்தத் தீர்ப்பால் பயன் ஏதுமில்லை. யாரை விரும்பலாம், யாரை விரும்பக் கூடாது என்று எந்தப் பிள்ளையும் நம்மிடம் அனுமதி கேட்பதில்லை. நமக்குத் தெரியவரும்போது அது ஏற்கெனவே ஒருவருக்கு ரசிகராகியிருக்கும். ஆகவே, அப்படி ஒருவரைத் தேர்ந்துகொண்டுவிட்ட பிள்ளையோடு பெற்றோர் எப்படிப் பேசலாம், எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்கலாம் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரபலம் ஒருவரை முழு மனிதராக முன்மாதிரி ஆக்கிக்கொள்ள முடியாது. அவரை முழு மனிதராக நாம் பார்ப்பதே இல்லை. திரையும் மைதானமும் விளம்பரமும் காட்டும் பகுதியை மட்டுமே பார்க்கிறோம். ஆனால் அவர் செய்த ஒரு குறிப்பிட்ட செயல், அதுவும் நம் பிள்ளையின் கைக்கு எட்டும் அளவிலான செயல், மிக நல்ல முன்மாதிரியாக முடியும். ஆளிலிருந்து செயலைப் பிரித்தெடுக்கப் பிள்ளைக்குத் தனியாகத் தெரியாது. அதற்குத்தான் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கிறது.

பெங்களூரில் இந்த வேலை சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ விவேக்நகரிலோ உள்ள ஒரு தமிழ் வீட்டில் தாத்தாவுக்கு எம்.ஜி.ஆர்., இதே நகரில் பேருந்து நடத்துநராக இருந்தவர் என்ற உரிமையோடு அப்பாவுக்கு ரஜினிகாந்த், பள்ளித் தோழர்களோடு சேர்ந்து மகனுக்கு விராட் கோலி, மகளுக்குக் கொரியப் பாடகர் குழு என்று மூன்று தலைமுறைகளின் நான்கு சுவைகள் ஒரே தொலைக்காட்சிப் பெட்டிக்காகப் போட்டியிடுகின்றன. நட்சத்திரம் பேசும் மொழியும் அவர் வரும் ஊரும் பெற்றோருக்குப் பழக்கமில்லாதவையாக இருக்கும்போது, ‘அவன் யாரு, என்ன கூத்து இது?’ என்று தள்ளிவிடுவது எளிது. அப்படித் தள்ளிய வீட்டில் பிள்ளை தன் விருப்பத்தை விட்டுவிடுவதில்லை. நம்மிடம் சொல்வதைத்தான் விட்டுவிடுகிறது.

முதலில் கேட்டறியுங்கள்

பெரும்பாலான பெற்றோர் தங்கள் கருத்தைச் சொல்வதிலிருந்து தொடங்குகிறார்கள். ஒரு வாரத்துக்காவது கருத்தை ஒத்திவைத்துவிட்டுக் கேள்வி கேட்டுப் பாருங்கள். ‘ஏன் பிடிக்கும்?’ என்று கேட்டால் ‘சும்மா, பிடிக்கும்’ என்ற பதில்தான் வரும். அந்தக் கேள்வியில் விசாரணை வாடை அடிக்கிறது. அதைவிட, ‘அவர் செய்ததில் நீ திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது எது?’ என்று கேட்கலாம். ‘ஒரே ஒரு நாள் நீ அவராக இருக்கலாம் என்றால், காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்வாய்?’ என்றும் கேட்கலாம். இந்த இரண்டாவது கேள்வி வியப்பான விடைகளைக் கொண்டுவரும். ஒரு பிள்ளை காரில் போவேன் என்னும். இன்னொன்று காலையிலேயே பயிற்சிக்குப் போவேன் என்னும். மற்றொன்று, என்னைக் கேலி செய்தவர்கள் முன்னால் போய் நிற்பேன் என்னும்.

விடையைக் கேட்டதும் திருத்த முனையாதீர்கள். கோலியின் ஆட்டத்தைவிட, விக்கெட் விழுந்ததும் அவர் எழுப்பும் கூச்சல்தான் பிடித்திருக்கிறது என்று ஆறாம் வகுப்புப் பையன் சொன்னால், வகுப்பில் குரலை உயர்த்த முடியாமல் அவன் எதையோ விழுங்கிக்கொண்டிருக்கிறான் என்று ஊகிக்க இடமுண்டு. பாடகர் குழுவின் பாட்டைவிட அந்த உறுப்பினர்கள் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் இருப்பது பிடித்திருக்கிறது என்று மகள் சொன்னால், அப்பாவின் வேலை மாற்றத்தால் சென்னையிலோ கோவையிலோ தோழிகளை விட்டுவிட்டு இந்த நகருக்கு வந்தவள் அவள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளை யாரை விரும்புகிறது என்பது பெரும்பாலும் தற்செயல். அவரிடம் எதை விரும்புகிறது என்பதில்தான் அதன் தேவை வெளிப்படுகிறது.

சிறு குழந்தைகளுக்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டியதில்லை. ஐந்து வயதுப் பிள்ளை துண்டைத் தோளில் கட்டிக்கொண்டு பறக்க முயன்றால் அது விளையாட்டு, அவ்வளவே, பயனுள்ள விளையாட்டும்கூட. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், 4 வயதும் 6 வயதும் ஆன குழந்தைகளிடம் சலிப்பூட்டும் வேலை ஒன்றைப் பத்து நிமிடம் செய்யச் சொல்லி, வேண்டும்போது விளையாட்டுக்கு எழுந்து போகவும் அனுமதித்தார்கள். தங்களை பேட்மேன் போன்ற கதாபாத்திரமாகப் பாவித்துக்கொண்ட குழந்தைகள்தான் மற்றவர்களைவிட அதிக நேரம் வேலையில் நிலைத்திருந்தார்கள். ஆகவே வீட்டுப்பாடம் எழுத அடம்பிடிக்கும் குழந்தையிடம், ‘நம்ம பேட்மேன் இப்ப ஒழுங்கா எழுதறாரா?’ என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. எட்டு வயதுக்கு மேல் இந்த உத்தி செல்லாது. பிள்ளை நம்மைப் பரிதாபமாகப் பார்க்கும்.

ஆளைவிட்டுச் செயலைப் பிடியுங்கள்

அடுத்த படி, அந்தப் பிரபலத்தின் வாழ்க்கையிலிருந்து உறுதியாகத் தெரிந்த ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுத்துப் பிள்ளையோடு பேசுவது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் எளியது: அந்தச் செயலால் அவர் எதையாவது இழந்தாரா? புகழ்பெற்றவர் கேமராவின் முன்னால் அன்னதானம் செய்வதில் அவருக்கு இழப்பில்லை, வரவுதான். பணமோ பட்டமோ கைக்கு வந்த நேரத்தில் வேண்டாம் என்றதுண்டா என்று தேடினால் குணம் தெரியத் தொடங்கும்.

இதற்கு பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு ராகுல் டிராவிட்டைவிட அருகிலுள்ள எடுத்துக்காட்டு கிடையாது. 2017-இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்க முன்வந்தபோது, விளையாட்டுத் துறையில் ஆராய்ச்சி செய்து அந்தப் பட்டத்தை ஈட்டவே விரும்புவதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். மறு ஆண்டு, அவர் பயிற்சியளித்த 19 வயதுக்குட்பட்டோர் அணி உலகக் கோப்பையை வென்றதும், கிரிக்கெட் வாரியம் அவருக்கு 50 லட்சம் ரூபாயும் துணைப் பணியாளர்களுக்கு ஆளுக்கு 20 லட்சம் ரூபாயும் அறிவித்தது. உடற்பயிற்சியாளரும் மற்றவர்களும் ஒரே வேலையைத்தானே சேர்ந்து செய்தோம், ஏன் இந்த வேறுபாடு என்று அவர் கேட்டார். முடிவில் எல்லோருக்கும் சமமாக 25 லட்சம் என்று மாற்றப்பட்டது. அவருடைய பங்கு பாதியானது. இந்தக் கதையைப் பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு, ‘குழுவாகச் செய்த புராஜெக்டுக்கு டீச்சர் உன்னை மட்டும் பாராட்டினால் நீ என்ன சொல்வாய்?’ என்று கேட்டுப் பாருங்கள். அவரைப் போல் மட்டையாடப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். இதை நாளைக் காலை வகுப்பிலேயே செய்துவிடலாம்.

இந்த நகரோடு தொடர்புடைய இன்னொருவர் பாட்மின்டன் வீரர் புல்லேலா கோபிசந்த். ஹைதராபாத்காரர், ஆனால் பெங்களூரில் பிரகாஷ் படுகோன் அகாடமியில் பயின்றவர். 1980-இல் படுகோன் வென்ற ஆல் இங்கிலாந்து பட்டத்தை 2001-இல் வென்று வந்ததும், குளிர்பான விளம்பரத்தில் நடிக்கும் வாய்ப்பு அவரைத் தேடி வந்தது. உடலுக்கு நல்லதல்ல என்று தான் கருதும் பொருளை விற்க மாட்டேன் என்று அவர் மறுத்தார். நடிகை சாய் பல்லவி முகத்தை வெளுப்பாக்கும் கிரீம் விளம்பரத்தை மறுத்ததும் இதே வரிசையில் வரும். நிறத்தைச் சொல்லிப் பள்ளிப் பேருந்தில் கேலிக்கு ஆளாகும் பெண் குழந்தைக்கு அந்த ஒரு மறுப்பு எவ்வளவு பெரிய துணை என்பதை, அதே கேலியைக் கேட்டு வளர்ந்த தாய்மார்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பின்பற்றக்கூடிய செயல் என்றால் அதன் எல்லையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2002-இல் ஆண்டிகுவா டெஸ்டில் தாடை எலும்பு முறிந்த நிலையில், தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு பந்துவீசி, பிரையன் லாராவின் விக்கெட்டை எடுத்தார் அனில் கும்ப்ளே. விளையாட்டு விழாக்களில் இந்தக் கதையைச் சொல்லாத பேச்சாளர் குறைவு. கணுக்கால் சுளுக்கோடு ஓடத் துடிக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் நான் இதைப் பாதியோடு நிறுத்த மாட்டேன். அதன்பின் அவர் தொடரை விட்டு விலகி, அறுவைச் சிகிச்சைக்காக பெங்களூர் திரும்பினார் என்பதும் கதையில் உண்டு. முதல் பாதி வளர்ந்த ஒருவர் தன் உடலைப் பற்றித் தானே எடுத்த முடிவு. பிள்ளை பின்பற்ற வேண்டியது இரண்டாவது பாதியை.

பின்பற்றுதல் எவ்வளவு பரவ முடியும் என்பதற்குக் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் ஒரு சான்று. 2021 அக்டோபர் 29 அன்று 46 வயதில் அவர் திடீரென இறந்தபோது, 2006-இல் அவருடைய தந்தை ராஜ்குமாரின் கண்கள் தானம் செய்யப்பட்டதைப் போலவே அவருடைய கண்களும் தானமாக அளிக்கப்பட்டன. அதைத் தொடர்ந்து கர்நாடகத்தில் கண்தானத்துக்குப் பதிவு செய்ய மக்கள் திரண்டு வந்தார்கள். ஆட்டோக்களின் பின்புறத்தில் இன்றும் ‘அப்பு’வின் படத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு இந்தச் செய்தியைச் சொல்லலாம். அவரைப் போல் நடனமாட எல்லோராலும் ஆகாது. கண்தானப் படிவத்தில் கையெழுத்திட யாராலும் ஆகும்.

எட்டாத உயரத்தைக் காட்டிச் சோர்வடையச் செய்யாதீர்கள்

பெற்றோர் அதிகம் சறுக்கும் இடம் இது. நல்ல முன்மாதிரியை எடுத்துக்கொண்டு, அதைப் பிள்ளையை இடித்துக் காட்டப் பயன்படுத்திவிடுகிறோம். ‘குகேஷைப் பார், பதினெட்டு வயதில் உலக சாம்பியன், நீ பத்தாம் வகுப்புக் கணக்குக்கே அழுகிறாய்’ என்ற வாக்கியம் எத்தனை வீடுகளில் சொல்லப்பட்டிருக்கும்!

1997-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெனலோப் லாக்வுட், ஜிவா குண்டா ஆகிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதை அழகாக விளக்குகிறது. கணக்கியல் படிக்கும் மாணவர்களிடம், அதே துறையில் பரிசுகளையும் பாராட்டுகளையும் குவித்த இறுதியாண்டு மாணவர் ஒருவரைப் பற்றிய கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார்கள். முதலாண்டு மாணவர்கள் அதைப் படித்து ஊக்கமடைந்து, தங்களைப் பற்றி உயர்வாக மதிப்பிட்டார்கள். இறுதியாண்டு மாணவர்களிடம் அந்த ஊக்கம் காணப்படவில்லை. முன்னவர்களுக்கு நேரம் மிச்சமிருந்தது. பின்னவர்களுக்கு அந்த உயரத்தை எட்டும் காலம் ஏற்கெனவே கடந்துவிட்டிருந்தது. 12 வயதில் கிராண்ட்மாஸ்டரான ஒருவரின் கதையைப் 15 வயதுப் பிள்ளையிடம் சொல்லும்போது, அதன் காதில் விழுவது ‘உனக்குக் காலம் கடந்துவிட்டது’ என்பதுதான்.

அந்தக் கதையையே முழுமையாகச் சொன்னால் நிலைமை மாறும். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்ற குகேஷுக்குப் பின்னால், மகனோடு போட்டிகளுக்குப் பயணம் செய்வதற்காகத் தன் காது மூக்கு தொண்டை மருத்துவத் தொழிலை நிறுத்திக்கொண்ட அப்பாவும், குடும்பத்தின் வருமானத்தைத் தாங்கிய நுண்ணுயிரியலாளரான அம்மாவும் இருந்தார்கள். நான்காம் வகுப்புக்குப் பிறகு அவர் வழக்கமான முழுநேரப் பள்ளிப்படிப்பில் தொடரவில்லை. இவ்வளவையும் சொன்ன பிறகு, நம் வீட்டில் யாரும் வேலையை விடவில்லை, பள்ளியை நிறுத்தவும் நாம் தயாரில்லை, ஆகவே அந்த முடிவை நாம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை என்பது பிள்ளைக்கு மட்டுமல்லாமல் நமக்கும் விளங்கும். எடுத்துக்கொள்ளத்தக்கது வேறு இருக்கிறது: தோற்ற ஆட்டத்தையும் உட்கார்ந்து திரும்பப் பார்க்கும் பழக்கம். சதுரங்கம் பயிலும் யாரும் செய்வது அது. கணக்குத் தேர்வின் விடைத்தாள் திரும்பி வரும் நாளில் நம் பிள்ளையும் செய்யலாம்.

வெற்றியை மட்டும் சொல்வதற்கும் தடுமாற்றத்தைச் சேர்த்துச் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை 2016-இல் வெளியான இன்னோர் ஆய்வும் காட்டியது. நியூயார்க் நகரின் ஏழ்மையான பகுதிகளில் 9, 10-ஆம் வகுப்புகளில் படித்த 402 மாணவர்களுக்கு ஐன்ஸ்டைன், மேரி கியூரி, ஃபாரடே ஆகியோரைப் பற்றிய கதைகளைக் கொடுத்தார்கள். அவர்களுடைய ஆய்வுத் தோல்விகளையோ வாழ்க்கைத் துன்பங்களையோ படித்த மாணவர்களின் அறிவியல் மதிப்பெண் கூடியது. சாதனைகளை மட்டும் படித்தவர்களுக்கு அப்படி நிகழவில்லை. விஞ்ஞானிகளுக்குப் பொருந்துவது விளையாட்டு வீரருக்கும் நடிகருக்கும் பொருந்தும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

தடுமாற்றத்தோடு சேர்த்துச் சொல்ல மாரியப்பன் தங்கவேலுவின் வாழ்க்கை ஏற்றது. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்து, ஐந்து வயதில் பேருந்துச் சக்கரம் ஏறியதில் வலக்கால் பாதிக்கப்பட்டு, காய்கறி விற்ற தாயின் உழைப்பில் வளர்ந்து, பின்னர் பெங்களூரில் பயிற்சி பெற்று, 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றவர் அவர். டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். தங்கத்திலிருந்து வெண்கலத்துக்கு வந்ததைச் சிலர் இறக்கம் என்பார்கள். எட்டு ஆண்டுகளில் மூன்று முறை மேடை ஏறியதாகப் பார்க்கவும் முடியும். எப்படிப் பார்ப்பது என்பதைப் பிள்ளையிடமே விட்டுப் பேசவையுங்கள். தேர்வில் இரண்டாவதாக வந்த பிள்ளையிடம் தொடங்கச் சிறந்த பேச்சு அது.

இந்த ஆய்வுகளிலிருந்து நேரடியாகக் கிடைக்கும் ஒரு வழிமுறை உண்டு. தொலைவிலுள்ள நட்சத்திரத்துக்கும் பிள்ளைக்கும் நடுவே, பிள்ளையைவிட இரண்டு மூன்று வயது மட்டும் மூத்த ஒருவரைக் கொண்டுவாருங்கள். பாட்மின்டன் பிடித்த பிள்ளைக்கு அதே அடுக்ககத்தில் மாவட்ட அணிக்கு ஆடும் ஒன்பதாம் வகுப்பு அக்கா; யூடியூபர் ஆக விரும்பும் பிள்ளைக்கு, கல்லூரியில் படித்துக்கொண்டே வீடியோ தொகுக்கும் சித்தப்பா மகன். அந்த அண்ணன் மூன்று நிமிட வீடியோவுக்காக இரவெல்லாம் உட்காருவதை ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்தால், நாம் நாள் கணக்கில் சொல்லும் அறிவுரை தேவைப்படாது. பெங்களூரில் உறவினர் அருகில் இல்லாத குடும்பங்கள் அல்சூர் ஏரிக்கரையருகே உள்ள தமிழ்ச் சங்கம் போன்ற இடங்களிலும் அடுக்ககத் தமிழ்க் குடும்பங்களிடையேயும் இப்படிப்பட்ட மூத்த பிள்ளைகளைத் தேடிக்கொள்ளலாம். கேட்டால் பெருமையோடு வருவார்கள். ஒருவருக்கு முன்மாதிரியாக இருக்கக் கேட்கப்படுவது அவர்களுக்கும் நல்லது.

விளம்பரத்தைச் சேர்ந்து பாருங்கள்

ஐ.பி.எல். பார்க்கும்போது ஓவர்களுக்கு நடுவில் வரும் விளம்பரங்களில் குரலை அணைத்துவிடுவது பல வீடுகளின் வழக்கம். வாரத்தில் ஒரு நாள் அணைக்காமல் சேர்ந்து பாருங்கள். இந்த ஆள் இந்தப் பொருளைத் தன் வீட்டில் பயன்படுத்துவாரா, இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கிடைத்திருக்கும், அந்தப் பணம் யாருடைய பையிலிருந்து வருகிறது என்ற மூன்று கேள்விகள் போதும். தொகையைக் கணக்குப் போட வைத்தால் இன்னும் சுவை கூடும். 2025-இல் மைசூர் சாண்டல் சோப்பின் விளம்பரத் தூதராக நடிகை தமன்னாவை இரண்டு ஆண்டுகளுக்கு நியமித்தபோது பேசப்பட்ட தொகை 6.2 கோடி ரூபாய். நம் குளியலறையில் இருக்கும் சோப்பு எத்தனை விற்றால் 6.2 கோடி வரும் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை வகுத்துப் பார்க்கட்டும். நடிகையையோ நிறுவனத்தையோ குறை சொல்ல வேண்டியதில்லை. விளம்பரம் ஒரு வேலை, அதற்கு ஊதியம் உண்டு என்பது புரிந்தால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பதின்ம வயதினரிடம் பேசலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் தோன்றும் பிரபலத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் மீறினால் 50 லட்சம் வரை போகலாம். குறிப்பிட்ட காலத்துக்கு விளம்பரங்களில் தோன்றவே தடை விதிக்கவும் முடியும். சொல்வதன் உண்மையை உரியபடி சரிபார்த்த பின்பே தோன்றினேன் என்று காட்டினால் அவர் தப்பலாம். 2022 ஜூனில் வந்த விதிகள் இன்னும் ஒரு படி மேலே சென்று, சட்டப்படி எச்சரிக்கை வாசகம் தேவைப்படும் பொருள்களுக்கோ குழந்தைகள் வாங்கக் கூடாத பொருள்களுக்கோ குழந்தைகளை இலக்காக்கும் விளம்பரங்களில் விளையாட்டு, இசை, திரைத்துறைப் பிரபலங்களைக் காட்டக் கூடாது என்கின்றன. இன்ஸ்டாகிராமில் காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்பவர் அதைத் தெளிவாகக் குறிப்பிட்டாக வேண்டும். தனக்குப் பிடித்தவரின் பதிவுகளில் அந்தக் குறிப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடச் சொன்னால், பிள்ளைகள் நம்மைவிட விரைவில் கண்டுபிடிப்பார்கள்.

2022 ஏப்ரலில் அக்ஷய் குமார் செய்ததும் பேசத்தக்கது. பான் மசாலா நிறுவனம் ஒன்றின் ஏலக்காய் விளம்பரத்தில் அவர் தோன்றியதும் ரசிகர்கள் கண்டித்தார்கள். அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு விலகினார், வாங்கிய பணத்தை நல்ல காரியத்துக்குத் தருவதாகச் சொன்னார், ஆனால் ஒப்பந்தக் காலம் வரை விளம்பரம் வரக்கூடும் என்றும் தெரிவித்தார். மன்னிப்புப் போதுமானதா என்று கேட்டால் பதினான்கு வயதுப் பிள்ளைகள் கடுமையான நீதிபதிகளாகிவிடுகிறார்கள். பேச விடுங்கள்.

நட்சத்திரம் கைதாகும்போது

2024 ஜூனில் முன்னணிக் கன்னட நடிகர் ஒருவர் கொலை வழக்கில் கைது செய்யப்பட்டபோது, அவருடைய படத்தைக் கைப்பேசியில் வைத்திருந்த பிள்ளைகள் இந்த நகரில் ஏராளம். அப்படிப்பட்ட நாளில் ‘அப்பவே சொன்னேன் இல்ல?’ என்று தொடங்காதீர்கள். ரசிகராக இருந்த பிள்ளைக்கு உண்மையிலேயே ஓர் இழப்பு நேர்ந்திருக்கிறது. முதலில் அதைச் சொல்ல இடம் கொடுங்கள். பிறகு, கைது என்பது தண்டனை அல்ல, தீர்ப்பைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம் என்பதை விளக்குங்கள். அதே மூச்சில், இறந்தவருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்; நட்சத்திரத்தைப் பற்றிய செய்திகளில் அது பின்னுக்குப் போய்விடுகிறது.

இந்தக் கட்டத்தில் பிள்ளையின் ரசிகர் குழுக்களைக் கவனிப்பது அவசியம். குற்றம் சாட்டப்பட்டவரை ஆதரித்து மற்றவர்களை, குறிப்பாகப் பெண்களை, வசைபாடும் பதிவுகளைப் பகிரச் சொல்லி அங்கே நெருக்கடி வரும். அவரைப் பிடிப்பது உன் விருப்பம், யாரையும் வசைபாடும் பதிவை நம் வீட்டிலிருந்து அனுப்பக் கூடாது என்று ஒரே விதியாகச் சொல்லிவிடலாம். பழைய படங்களைப் பார்க்கலாமா, படத்தை அழிக்க வேண்டுமா என்பதையெல்லாம் பிள்ளையே முடிவு செய்யட்டும். டிராவிட்டிடமிருந்து எடுத்ததுபோல் முன்பே ஒரு செயலை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்ட பிள்ளைக்கு இந்த அடி சற்றுக் குறைவாகவே விழும். ஆளையே முழுதாக ஏற்றுக்கொண்ட பிள்ளைதான், தன்னையே யாரோ குற்றம் சாட்டியதுபோல் கொதிக்கிறது.

பெற்றோரின் ரசிகத்தன்மையைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் நாள் முதல் காட்சிக்கு அலுவலகத்துக்குப் பொய்க் காரணம் சொல்லி விடுப்பெடுத்த அப்பா, கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்த படத்தை இன்னும் வைத்திருக்கும் மாமா ஆகியோரின் அறிவுரை பிள்ளையிடம் எடுபடாது. உங்கள் நட்சத்திரத்தின் மோசமான படத்தை மோசம் என்று ஒருமுறை பிள்ளையின் எதிரில் சொல்லிப் பாருங்கள். விரும்புவதும் விமர்சிப்பதும் சேர்ந்தே இருக்கலாம் என்பதைப் பிள்ளை நேரில் பார்த்துவிடும்.

நேரில் பார்க்கப் போவது

2025 ஜூன் 3 அன்று ஆர்.சி.பி. அணி முதன்முறையாக ஐ.பி.எல். கோப்பையை வென்றது. மறுநாள் சின்னசாமி மைதானத்தின் வாயில்களில் திரண்ட கூட்டத்தின் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பதின்ம வயதினரும் இருந்தார்கள். அதன்பிறகும் ‘எல்லாரும் போறாங்க, நானும் போறேன்’ என்று பிள்ளைகள் கேட்காமல் இருக்கப் போவதில்லை. நுழைவுச் சீட்டில்லாத வெற்றி ஊர்வலம், திறந்தவெளி வரவேற்பு, படப்பிடிப்பு இடத்தில் நடிகரைக் காணக் காத்திருத்தல் ஆகியவற்றுக்குப் பதினெட்டு வயதுக்குட்பட்டவரை அனுப்பக் கூடாது என்பதே என் கருத்து. பெற்றோர் உடன் போவதாலும் ஆபத்து குறைவதில்லை. இருக்கை எண்ணுள்ள நிகழ்ச்சி என்றால் முன்னதாகவே போய், வெளியேறும் வாயில்களைப் பார்த்துவைத்து, கூட்டம் கலைந்த பின் கடைசியாக எழுந்து வரலாம். பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்பதை உள்ளே நுழையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பிரபலத்தை நெருக்கத்தில் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ரஞ்சி போன்ற உள்ளூர்ப் போட்டிகளில் கூட்டம் மிகக் குறைவு. இந்திய அணிக்கு ஆடியவர்களும் ஆடப்போகிறவர்களும் அங்கே ஆடுகிறார்கள். தடகளத்தில் ஆர்வமுள்ள பிள்ளையை கன்டீரவா மைதானத்தில் நடக்கும் மாநிலப் போட்டிகளுக்கு அழைத்துப் போகலாம். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, ஒரே ஒரு ஆட்டக்காரரை மட்டும் ஒரு மணி நேரம் விடாமல் பார்க்கச் சொல்லுங்கள். தொலைக்காட்சி காட்டாதது எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் தெரியும்: பந்து வராதபோது அவர் எங்கே நிற்கிறார், கேட்சைத் தவறவிட்டதும் முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறார், தண்ணீர் கொண்டுவரும் பன்னிரண்டாவது ஆளிடம் எப்படிப் பேசுகிறார். திரும்பி வரும் மெட்ரோவில் பார்த்ததைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அவர் எத்தனை ரன் எடுத்தார் என்பதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.